துணி கட்டிய கேன்

என் மகளுக்கு வாசனை தெரியாது. தொற்றுக் காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல் ஐந்தாம் நாள் இறங்கியது. இறங்கும்போது மூக்கின் மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. எனக்கும் போயிருந்தது, ஒரு மாதத்தில் திரும்பியது. அவளுக்குத் திரும்பவில்லை. அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பதினேழு வயது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை நான் காரிலிருந்து பெட்ரோலை இறக்கி, வீட்டில் குடிதண்ணீர் பிடிக்கிற வெள்ளைக் கேன் ஒன்றில் ஊற்றி வைத்தேன். அவளை வீட்டில் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கேன் நான் வைத்த இடத்தில் இல்லை.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இதை எழுதும்போதும் நடுவில் ஒருமுறை எழுந்து போய், அவள் அறையில் படுத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "என்னா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கார் அவளைவிட மூத்தது. எண்ணூறு சிசி, சிவப்பு, கார்புரேட்டர் வைத்த பழைய காலத்து வண்டி. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கினோம். இந்தத் தீவில் மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு வாரத்துக்குள் ஃபிரிட்ஜ், கட்டில், கார், துளசித் தொட்டி எல்லாம் கைமாறிவிடும். கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதைவிட விற்பது லேசு. அவர் சாவியைக் கொடுக்கும்போது, "மேட்டுல மட்டும் கொஞ்சம் முக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் இருப்பது ஹேடோவில், துறைமுகத்துக்கு மேலே சரிவில் இருக்கிற பணியாளர் குடியிருப்பில். இங்கே எங்கே போனாலும் ஒரு மேடு உண்டு.

போன பிப்ரவரி வாக்கில் முக்குவது நின்றுபோய், சாகத் தொடங்கியது. சமதரையில் சமர்த்தாக ஓடும். மேட்டில் பாதியில் இரண்டு முறை உதறும், பிறகு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். ஒருநாள் மகளை டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகையில் துறைமுகத்து மேட்டில் அணைந்தது. பின்னாலேயே கன்டெய்னர் ஏற்றிய லாரி. ஹேண்ட் பிரேக்கை நான் இழுப்பதற்குள் கார் ஒரு முழம் பின்னால் உருண்டுவிட்டது. லாரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, அவர் மீசை தெரியுது" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள்.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சாமான் மெயின்லேண்ட்ல இருந்து வரணும். கல் ஆ ஜாயேகா" என்றார், நாளைக்கு வந்துவிடும் என்று. அவருடைய நாளை எத்தனை வாரம் நீளும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் கார் நிக்கோபார் தீவில் வேலையில் இருக்கிறார். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஃபோனில் அவரிடம், நானே பார்க்கப் போகிறேன் என்றேன்.

"நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாத."

"நீங்க வர்றதுக்குக் கப்பல்ல டிக்கெட் கிடைக்கணுமே."

"அதுவரைக்கும் புள்ள ஆட்டோல போகட்டும். நீ அதைக் கழட்டிப் போட்டுட்டு, திரும்ப மாட்டத் தெரியாம முழிப்ப."

"மிக்ஸியைக் கழட்டினது நீங்க. ஆறு மாசமா டப்பாவுலதான் இருக்கு."

ஃபோனை மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

எனக்குக் கார் தெரியாது. ஆனால் குழாய் தெரியும். நான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புட்டிகளைக் கழுவி, கரைசல் கலந்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்குவதுதான் இருபது வருடமாக என் வேலை. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை முகர்ந்து பார்க்கக்கூடக் கூடாது, கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவள். பெட்ரோல் வண்டியும் கடைசியில் ஒரு பெரிய ஆய்வகச் சோதனை மாதிரிதான். பின்னால் ஒரு தொட்டி, நடுவில் ஒரு குழாய், ஒரு வடிகட்டி, ஒரு பம்பு, முன்னால் எரிகிற இடம். எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. பேனட்டைத் திறந்து பார்த்தால் வடிகட்டியின் கண்ணாடி போன்ற கூட்டுக்குள் தேயிலைத்தூள் மாதிரி துரு படிந்திருந்தது. பக்கத்தில் இருந்த ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து இங்கே ரப்பர் வெட்ட வந்து குடியேறியவர்கள். ஒரு ரப்பர் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று என் விரலுக்குத் தெரியும். அந்த ஹோஸ் செத்து வருடக்கணக்காகியிருந்தது. மடக்கிய இடத்தில் சின்னச் சின்ன வாய்களாகப் பிளந்தது.

ஆக, தொட்டியைக் காலி செய்து துருவைக் கழுவ வேண்டும், வடிகட்டியையும் ஹோஸையும் புதிதாகப் போட வேண்டும். ஸ்பேர் கடையில் சொல்லி வைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கப்பலில் வந்தது.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் நான்கு வீடுகள். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். வரும் நேரத்தில் நான்கு வீட்டுப் பெண்களும் வீட்டில் இருக்க முடியாது, எல்லோருக்கும் வேலை இருக்கிறது. அதனால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோருடைய கேனையும் பிடித்து வைத்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. குழாய்த் தண்ணீரில் செம்மண்ணும் சமயத்தில் சிறு புழுவும் வரும். ஆகவே குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் கேனின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடிகட்டிப் பிடிப்போம். நிரம்பியதும் மூடியைத் திருகிவிட்டு, அதே துணியைக் கேனின் கழுத்தில் சுற்றிக் கட்டிவிடுவோம். அடுத்த முறை தேட வேண்டாம் அல்லவா? எங்கள் வரிசையில் கழுத்தில் துணி கட்டிய கேன் என்றால் குடிதண்ணீர். அது நேராக அடுப்படிக்குப் போகும். இதை யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வருடமாக அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முறை. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன், கேன்கள் காலியாக இருக்கும் என்று.

காலை பத்து மணிக்கு வாசலில் தொடங்கினேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். மகளைக் கூப்பிட்டு வாசற்படியில் நிறுத்தி, ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"நான் முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராத. ஊதுபத்தி, தீப்பெட்டி எதையும் தொடாத."

"அடுப்பு?"

"அது உள்ளதானே. அடுப்பு பரவால்ல. வேணும்னா குடிக்கிற தண்ணியச் சுட வச்சு ஆற வை."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன். இரண்டு மாதமாக அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே குரலில்தான் வருகிறது.

தொட்டிக்கு அடியில் ஒரு போல்ட் இருந்தது. படுத்துக்கொண்டு அதைத் திருகியபோது பெட்ரோல் முழங்கை வழியாக அக்குள் வரைக்கும் ஓடியது. முதல் இரண்டு லிட்டர் காபி மாதிரி வந்தது. பிறகு தெளிந்தது. டேங்கர் கப்பல் தாமதமாகிறது என்று பேச்சு கிளம்பியிருந்ததால் ஊரே தொட்டியை நிரப்பி வைத்திருந்த நேரம் அது. அந்தப் பெட்ரோலைக் கொட்ட மனசு வரவில்லை. துருவை வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேசினில் பிடித்ததை ஒரு புனல் வைத்து, வெள்ளைத் துணி கட்டி, கேனில் ஊற்றினேன். துணியில் துரு தங்கியது. உதறிவிட்டு மறுபடி ஊற்றினேன். முக்கால் கேன் வந்தது. மூடியை இறுகத் திருகினேன்.

பிறகு அந்தத் துணியைக் கேனின் கழுத்தில் சுற்றிக் கட்டினேன்.

வடிகட்டி முடித்த துணி கையில் இருந்தது, முன்னால் ஒரு கேன் கழுத்து இருந்தது. கை கட்டிவிட்டது. கட்டியதைக் கண் பார்க்கவும் இல்லை.

புது ஹோஸை மாட்டப் போனபோதுதான் அது ஒரு நூல் பெரிது என்று தெரிந்தது. குழாய் முனையில் லொடலொடவென்று ஆடியது. கிளிப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றவில்லை. மணி பன்னிரண்டே கால். கடை ஒரு மணிக்கு மூடிவிடும். கேனைச் சுவரோரம் நிழலில் தள்ளிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, "கடைக்குப் போய்ட்டு ஓடி வந்துடறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "ம்" என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"யக்கா, பெட்ரோல் பங்க்ல குளிச்சிட்டு வர்றீங்களா?"

"ஹோஸ் பெருசா இருக்கு."

"நான்தான் சொன்னேனே, பழசுல ஒரு துண்டு வெட்டிக் கொண்டாங்கன்னு. நீங்க விரலால அளவு காட்டுனீங்க. உங்க விரல் என்ன ஸ்கேலா?"

அவர் மூன்று அளவில் ஹோஸை எடுத்து வைத்தார். இந்த முறை பழைய துண்டைக் கொண்டு வந்திருந்தேன். சரியானதைத் தேர்ந்து, நான்கு கிளிப்பும் வாங்கிக்கொண்டேன். "முடியலன்னா மெக்கானிக்கக் கூப்புடுங்க" என்றார். "அவர் கல் ஆ ஜாயேகா" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனநிலையில்தான் ஆட்டோவில் ஏறினேன். அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அந்த இருபது நிமிடமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சரிவின் அடியில் ஆட்டோ நின்றபோதே மேலே பிளாஸ்டிக் கேன்கள் சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஒருநாள் முன்னதாக வந்துவிட்டது. என் மனதில் வந்த முதல் எண்ணம், ஐயோ, குடங்களைக் கழுவி வைக்கவில்லையே என்பது. அடுத்துதான் சுவரோரத்தைப் பார்த்தேன். நிழல் மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டு தீதி முழங்கால் வரை நனைந்த புடவையோடு குழாயடியில் நின்றிருந்தார். திக்லிபூர் பக்கத்து வங்காளிக் குடும்பம். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் தீதி என்பேன். அவர் என்னை லேப்வாலி என்பார். எங்களோடு பழகிப் பழகி அவருடைய தமிழும் அவரோடு பழகி என் ஹிந்தியும் ஒரே தரத்துக்கு வந்துவிட்டன.

"ஏய் லேப்வாலி, புத்தி இருக்கா உனக்கு?" என்றார், சந்தோஷமாக. "பெட்ரோல் காடி பக்கத்துல பீனே கா பானி வைப்பாங்களா? எல்லாம் பெட்ரோல் வாசம் புடிச்சிரும்ல? நான்தான் தூக்கி உள்ள வெச்சேன். கமர் போச்சு எனக்கு."

இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

வாசல் முழுக்கப் பெட்ரோல் நாற்றம் இருந்தது. நான்தான் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சிந்தியிருந்தேனே. அந்த நாற்றத்துக்குள் கேனின் நாற்றம் தனியாகத் தெரியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, பாவம், ஒரு குடிதண்ணீர்க் கேன் பெட்ரோல் பக்கத்தில் கிடக்கிறது என்பதுதான். தண்ணீரை அவர் பெட்ரோலிடமிருந்து காப்பாற்றினார்.

வாசலிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு எட்டு. அதை நான் பின்னால் எண்ணிப் பார்த்தேன். அப்போது எண்ணவில்லை. அப்போது என் காது மட்டும் வேலை செய்தது. லைட்டரின் டக் என்ற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே ஓடினேன்.

அடுப்படியில் அவள் இல்லை. அடுப்பின் மேல் தண்ணீர் சுட வைக்கிற பெரிய பாத்திரம் இருந்தது. எட்டிப் பார்த்தேன். காலி. காய்ந்து கிடந்தது. கேன் தரையில் இருந்தது, மூடி திருகியிருந்தது. துணி அவிழ்ந்து பக்கத்தில் கிடந்தது. சிலிண்டர் குமிழ் அணைத்திருந்தது. இரண்டு ஜன்னலும் பின்கதவும் விரியத் திறந்திருந்தன.

பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். கையை முன்னால் நீட்டி, ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்தாள். அதில் கால் பாகம் இருந்தது.

"அம்மா, இது தண்ணி இல்லல்ல?"

நான் அவளிடமிருந்து டம்ளரை வாங்கினேன். வாங்கிவிட்டு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாங்கியபடியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

"டம்ளர்ல ஊத்தறப்ப கைல பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு. வெளிய கெடந்த கேன்மா அது, தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. உள்ள இருக்கிற தண்ணி மட்டும் எப்படி ஐஸ் மாதிரி இருக்கும்? அப்புறம் பாத்தா கை காஞ்சிருச்சு. தொடைக்கவே இல்ல நான்."

"அடுப்பு? பத்த வச்சிருந்தியா?"

"பாத்திரத்துல தண்ணி இல்லாம எப்படிப் பத்த வைப்பேன்? நீ கத்துவியே. காஸ் கப்பல்ல வருது, காத்துல வரலன்னு."

நான் கத்துவேன்தான். நாள்தோறும் கத்துவேன். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பற்ற வைத்துக்கொண்டு பிறகு தண்ணீர் தேடிப் போகிற வழக்கம் என் கணவருக்கு உண்டு. அவர் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் என் கத்தல் தெருவுக்கே கேட்கும்.

"டம்ளர்ல எதுக்கு ஊத்தின? நேரா பாத்திரத்துலதானே ஊத்துவோம்?"

அவள் தோளைக் குலுக்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மூக்கு போனதிலிருந்து எதையும் அவள் நேராக ஊற்றுவதில்லை. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பார்ப்பாள். பாலைத் துளி எடுத்து விரலில் தேய்ப்பாள். குழம்பைக் கரண்டியால் தூக்கி, நூல் மாதிரி இழுக்கிறதா என்று பார்ப்பாள். அடுப்பை அணைத்த பிறகு குமிழைத் தொட்டுக்கொண்டே பத்து எண்ணுவாள். ஒருமுறை கெட்டுப்போன பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தாளாம். பரீட்சை பயம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நானும் அதை நம்பி, இஞ்சி தட்டிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ லேபுக்கே போகாம என்கூடவே உக்காந்துக்குவ."

நான்கு வருடமாக நான் செய்ததெல்லாம், வீட்டுக்குள் நுழைந்ததும் காற்றை இழுத்து முகர்ந்து பார்ப்பது. காஸ் நாற்றம் இல்லை, ஏதும் கருகவில்லை, இன்றைக்கும் பிழைத்தோம் என்று பையைக் கீழே வைப்பது. அவளுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே முகர்ந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் இல்லாத நேரத்துக்கு அவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள்.

தீதி பின்பக்கமாக வந்து நின்றார். என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஹே பக்வான்" என்றார். மெதுவாக, நாலைந்து முறை. பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "துணி கட்டுனா பானி. இல்லையா? பத்து சாலா இந்த லைன்ல துணி கட்டுனா பானிதானே? பெட்ரோலுக்குத் துணி கட்டுற பாகல் யாரு? லேப்ல எல்லா போத்தல்லயும் பேர் ஒட்டுறியே, வீட்ல ஒரு சீட்டு ஒட்டக் கை வரல?"

"தப்பு என்னுதுதான் தீதி."

"நீ தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? தூக்கிட்டு வந்து அடுப்பு பக்கத்துல வெச்சது யாரு? நான்தானே? இந்தக் கைதானே?"

கையை நீட்டிக் காட்டிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். மகள் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ஒண்ணும் ஆகல. பாருங்க, முடிகூட கருகல" என்று தன் சடையை எடுத்துக் காட்டினாள். தீதி அந்தச் சடையாலேயே அவள் முதுகில் ஒரு அடி போட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தீதி அவர் வீட்டில் டீ போட்டு, பொரி கலந்து கொண்டுவந்தார். "பயப்படாத, எங்க வீட்ல தண்ணிதான் ஊத்தினேன்" என்றார். மூவரும் பின்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் கேன்கள் பிடிக்கப்படாமலே தண்ணீர் நின்றது.

தொட்டியைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி, போல்ட்டை மாட்டி, மீதியைத் திரும்ப ஊற்றி, மூடியைப் பூட்டினேன். அதை மட்டும் அன்றே செய்துவிட்டேன். காலிக் கேனை இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டு, மூன்றாம் நாள் ரம்பத்தால் கழுத்தை அறுத்தேன். இனி அது எதையும் பிடிக்கக் கூடாது. "நல்ல கேன்" என்று தீதி முனகினார். ஆனால் அறுக்கும்போது மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

கேனை அறுத்த பிறகும் பதினொரு நாள் நான் காரைத் தொடவில்லை. புது ஹோஸும் கிளிப்பும் பொட்டலத்தோடு அலமாரியில் கிடந்தன. ஆட்டோவில் போனோம், ஆட்டோவில் வந்தோம். மகள் ஒருநாள், "அம்மா, கார் மேல புறா கூடு கட்டப் போகுது" என்றாள். இன்னொரு நாள், "அப்பா வந்து பாத்தா மிக்ஸி கதையை எடுப்பார்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். கணவரிடமும் எதையும் சொல்லவில்லை. அவர் தூரத்தில் இருக்கிறார், நடுவில் கடல் இருக்கிறது, தெரிந்தால் அவர் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து பேனட்டின் மேல் வைத்தாள்.

"முடிச்சிரு. அடுப்பு பத்த வைக்கல. சிலிண்டர் மூடியாச்சு. ஆன்ட்டிகிட்டயும் சொல்லியாச்சு, இன்னைக்கு எதையும் தூக்காதீங்கன்னு."

தீதி தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காவல் மாதிரி. "நான் இங்கதான் இருக்கேன், லேப்வாலி. கை கட்டிட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

புது வடிகட்டியை அம்புக்குறி பார்த்து மாட்டினேன். ஹோஸ் இந்த முறை கெட்டியாக ஏறியது, கையுறை விரலுக்கு ஏறுவது மாதிரி. நான்கு கிளிப்பையும் திருகினேன். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்திருந்த துருவைத் துடைத்தேன். நுண்ணிய துவாரங்களை ஊதினேன். உதட்டில் அந்தக் கசப்பு நாள் முழுவதும் இருந்தது. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஏழெட்டு முறை வெறுமனே சுற்றியது. பிறகு ஒரு செருமல், இன்னொரு செருமல். பிடித்துக்கொண்டது.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து முகர்ந்தேன். எங்கும் பெட்ரோல் வாசம்தான். என் கை, என் புடவை, என் உதடு எல்லாம் அதே வாசம். இரண்டு மணி நேரத்தில் என் மூக்கு செத்துப்போயிருந்தது. கண்ணுக்கு எல்லா இணைப்பும் ஒரே மாதிரிப் பளபளத்தன.

"தள்ளு" என்றாள் மகள்.

"சூடா இருக்கும். கைய விடாத."

"எஞ்சினைத் தொடல. பைப்பைத்தான் தொடறேன்."

விரலின் பின்பக்கத்தை ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில் மெல்ல வைத்து எடுத்தாள். வைத்துவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"இது காஞ்சிருக்கு. இதுவும் காஞ்சிருக்கு." மூன்றாவதில் நின்றாள். விரலை எடுத்து, மறுபடி வைத்தாள். "அம்மா, இது சில்லுன்னு இருக்கு."

வடிகட்டியிலிருந்து பம்புக்குப் போகிற இடம் அது. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப்பின் அடியில், ரப்பரும் உலோகமும் சேரும் விளிம்பில், மயிரிழை அளவுக்கு ஓர் ஈரம். நான் பார்த்திருக்க மாட்டேன். கிளிப் ஒரு பக்கம் சாய்ந்து இறுகியிருந்தது. தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்கினேன். துடைத்தேன். மறுபடி ஓட்டி, மறுபடி அணைத்தோம். அவள் விரலை வைத்தாள். இந்த முறை அதிக நேரம் வைத்திருந்தாள்.

"இல்ல. சூடாத்தான் இருக்கு."

சாயங்காலம் துறைமுகத்து மேட்டுக்குப் போனோம். நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில். மேட்டின் அடியில் ஒருமுறை நிறுத்தி, பின்னால் லாரி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இரண்டாம் கியரில் ஏறினோம். வழக்கமாக உதறுகிற தேநீர்க் கடை வந்தது, போனது. வழக்கமாக அணைகிற தண்ணீர்க் குழாய் வளைவு வந்தது, போனது. மேலே ஏறியதும் அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இல்லாத லாரிக்காரருக்கு டாட்டா காட்டினாள்.

அன்று இரவு கணவர் ஃபோன் செய்தார். அவள்தான் எடுத்தாள். நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். "கார் ஓடுதுப்பா" என்றாள். கொஞ்சம் விட்டு, "நடுவுல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அடுப்பு பத்த வைக்கலயா?" என்றார்.

"இல்லப்பா. காஸ் வீணாகும்னு அம்மா திட்டும்ல."

"அம்மாகிட்டக் குடு" என்றார்.

நான் வாங்கிக் காதில் வைத்தேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"மேட்டுல ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"அந்தக் கேனு?"

"அறுத்துப் போட்டாச்சு."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நல்ல வேலை பண்ண" என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. கேனையா, காரையா, இத்தனை வருடம் அடுப்பைப் பற்றிக் கத்தியதையா. நான் கேட்கவில்லை. "இந்தத் தடவை வந்தா மிக்ஸிய மாட்டிக் குடுத்துடறேன்" என்று அவராகவே சொன்னார்.

மறுநாள் தண்ணீர் முறை. தீதியும் நானும் குழாயடியில் நின்றோம். இப்போது எங்கள் வரிசையில் கேனைத் தூக்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து கொஞ்சம் கையில் ஊற்றிப் பார்க்கிறோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தீதிதான் முதலில் செய்தார், பிறகு எல்லோரும். தண்ணீரைத் தண்ணீரா என்று சோதிக்கிறார்களே என்று கடைசி வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு அவரும் ஊற்றிப் பார்த்தார்.

என் முதல் கேன் நிரம்பியது. சாய்த்து உள்ளங்கையில் ஊற்றினேன். வெதுவெதுப்பாக இருந்தது. பத்து எண்ணினேன். பிறகு இன்னொரு பத்து. கை ஈரமாகவே இருந்தது. துணியைக் கழுத்தில் கட்டி, கேனை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.